கட்டை எண்ணெய்

மரத்தை வடித்து எண்ணெய் எடுக்கலாம், அதை எரித்தால் பெட்ரோலிய எண்ணெய் மிச்சமாகும், காற்றும் அவ்வளவாகக் கெடாது என்று போன வாரம் டிவியில் ஒருவர் பேசினார். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. எல்லாம் நேற்றுத்தான் கண்டுபிடித்தது போன்ற பேச்சு. நான் எழுந்துபோய் டிவியை அணைத்தேன். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர், "ஏன் அணைச்ச? அவரு சரியாத்தானே சொல்றாரு" என்றார். அவர் அப்படித்தான். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அந்த எண்ணெயை நாங்கள் எண்பதுகளின் தொடக்கத்திலேயே கிள்ளானில் எரித்துவிட்டோம். அதைப் பற்றி யாரும் டிவியில் பேசப்போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரு டோபி கம்பெனியில் வேலை செய்தோம். கோலாலம்பூர் ஹோட்டல்களின் படுக்கை விரிப்பு, துண்டு, மேசைத்துணி எல்லாம் லோரியில் அழுக்காக வரும், வெள்ளையாகத் திரும்பிப் போகும். நான் ரோலரில் நின்றேன். ஈர விரிப்பை இரண்டு பெண்கள் இரு முனையும் பிடித்து உள்ளே விட்டால், சூடான உருளை அதை மறுபக்கம் மொடமொடவென்று தள்ளும். துவைக்க, உலர்த்த, தேய்க்க எல்லாவற்றுக்கும் நீராவி வேண்டும். நீராவிக்குப் பின்கட்டில் ஒரு பாய்லர். அந்தப் பாய்லரை ஓட்டியவர் என் வீட்டுக்காரர்.

ஓட்டியவர் என்று சும்மா சொல்லவில்லை. பாய்லரைத் தொட அரசாங்கத்தின் டிக்கெட் வேண்டும். டிக்கெட் இல்லாதவன் வால்வைத் திருப்பினால் சட்டப்படி குற்றம். அவர் பத்து ஆண்டுகளுக்கு மேல் எடுபிடியாகச் சாம்பல் அள்ளி, குழாய் சுரண்டி, மற்றவர்களிடம் திட்டு வாங்கி, பரீட்சையில் ஒருமுறை தோற்று மறுமுறை ஜெயித்து அந்த டிக்கெட்டை வாங்கினார். அதைக் கண்ணாடி போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்த நாங்கள் கிள்ளானில் ஒரு வீட்டுக்கு வந்தது அந்தத் தாளால். அது இருந்தால் அவர் பாய்லர்மேன். இல்லையென்றால் கூலி. இரண்டுக்கும் நடுவில் வேறொன்றும் கிடையாது.

எண்ணெய் விலை ஏறிய நேரம். பாய்லர் குடித்த கருப்பு எண்ணெய்க்குக் காசு கொடுத்துக் கட்டாது என்று எங்கள் சீன முதலாளி, தவுக்கே, முடிவு செய்தார். காப்பார் போகும் வழியில் ஒரு கரிச் சூளை இருந்தது. அங்கே ரப்பர் மரத்தை மூடிய இரும்புத் தொட்டியில் போட்டு வேகவைத்துக் கரி எடுப்பார்கள். அதில் எழும் புகையைக் குளிர்ந்த குழாய்க்குள் விட்டால் எண்ணெயாக வடியும். அதைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார்கள். தவுக்கே வாங்கினார். நாங்கள் அதைக் கட்டை எண்ணெய் என்றோம்.

அந்த ரப்பர் மரங்கள் எங்கிருந்து வந்தவை என்று எனக்குத் தெரியும். தோட்டங்களில் கிழட்டு ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டுச் எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம். என் அப்பாவும் அம்மாவும் அப்படிப்பட்ட மரங்களைத்தான் விடியுமுன் எழுந்து சீவினார்கள். மரத்தை வெட்டியபோது ஆட்களையும் வெளியே அனுப்பினார்கள். அதற்காக நான் கண்ணீர் விடவில்லை. அந்த மரங்கள் மேல் எனக்கு ஒரு பாசமும் இல்லை. எங்கள் வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் முதுகு வளைந்தது அவற்றால்தான். பால் வற்றியபிறகும் அது எங்களை விடவில்லை, எண்ணெயாகப் பின்னாலேயே வந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

முதல் டிரம்மைத் திறந்தபோது பின்கட்டு முழுக்க நாறியது. கருவாட்டைப் புகையில் போட்டு மேலே காடி ஊற்றியது போன்ற வாசம். காப்பித்தூள் நிறம். தோலில் பட்டால் மஞ்சளாகக் கறை பிடிக்கும், சோப்புக்குப் போகாது. கண்ணில் ஆவி பட்டால் வெங்காயம் உரித்தது போல எரியும். பித்தளை வால்வுகளைச் சில வாரத்திலேயே பச்சையாகத் தின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் பழைய எண்ணெய்க்குச் செய்வதைப் போல நன்றாகச் சூடேற்றி விட்டார். பழைய எண்ணெய் சூட்டில் இளகும். இது வெல்லப்பாகு மாதிரி இறுகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் சூளையிலிருந்து இன்ஜினியரை அனுப்பினார்கள். சின்ன வயது, வெளிநாட்டில் படித்தவர். யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம், வீடு பிரிக்பீல்ட்ஸ். மரியாதையான பிள்ளை, அதை மறுக்கமாட்டேன். பாய்லர் முன்னால் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, இதை மற்ற எண்ணெய் மாதிரி நினைக்காதேங்கோ. கனக்கச் சூடாக்கினால் இறுகிப்போகும். டீசல்ல பத்தவைச்சு, சூடு ஏறினபிறகு இதுக்கு மாத்துங்கோ. நிப்பாட்டேக்குள்ளையும் அப்பிடித்தான். கடைசியில கொஞ்ச நேரம் டீசலை ஓடவிட்டுக் குழாயைக் கழுவிப்போட்டு நிப்பாட்டுங்கோ. இது குழாய்க்குள்ள கிடந்தால் பிசின்தான்."

"மறந்தா?"

"மறக்கக் கூடாது அண்ணை."

அன்று வீட்டுக்கு வந்து, "படிச்ச புள்ள என்னை அண்ணைன்னு கூப்பிடுதுடி. நீ ஒரு நாளாவது மரியாதையா கூப்பிட்டிருக்கியா?" என்றார். சோறு போடும்போது ஒருமுறை "அண்ணை" என்று கூப்பிட்டேன். முறைத்தார்.

சொன்னபடி செய்தபோது அந்த எண்ணெய் எரிந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். நீராவி குறையவில்லை. புகை கருப்பாக இல்லாமல் வெள்ளையாகப் போனது. காற்று எங்கள் பக்கம் திரும்பினால் மட்டும் லோரி ஏறக் காத்திருக்கும் விரிப்புகளில் மஞ்சள் புள்ளி விழும். ஹோட்டலிலிருந்து திருப்பி அனுப்புவார்கள், திட்டு எங்களுக்கு. ரோலரில் எனக்கு எதிர் முனை பிடித்தவள், "உன் வீட்டுக்காரர் பின்னால என்ன, கருவாட்டுக் கடையா வச்சிருக்காரு? வாடை வருது, ஒரு துண்டு கருவாடு வரமாட்டேங்குது" என்பாள். நானும் சிரிப்பேன். அப்போது சிரிக்க முடிந்தது.

கெடுத்தது மேனேஜர். அவரும் தமிழர்தான், அதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. தவுக்கேயிடம் நல்ல பெயர் வாங்க அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. குழாய் கழுவப் போகும் டீசல் அவர் கண்ணில் பட்டது.

"டீசல மிச்சம் பிடிக்கத்தானே இந்த எண்ணெயே வாங்குனோம். அதக் கழுவ டீசலா? நல்லா இருக்கு லா உங்க கணக்கு."

"பாஸ், கழுவலன்னா அடைச்சுக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அடைச்சா குத்தி விடு. அதுக்குத்தான ஒனக்குச் சம்பளம்."

டீசல் டிரம்மின் குழாயில் சங்கிலி போட்டுப் பூட்டினார். சாவி அவர் இடுப்பில். காலையில் பற்றவைக்க ஒரு டின் டீசல் அளந்து தருவார், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் தினமும் சீக்கிரம் போய் எண்ணெய் தெறிக்கும் முனையைக் கழற்றிக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தார். இரவில் பாய்லர் முழுதாகக் குளிராததால் குழாயில் கிடந்த எண்ணெய் ஓரளவு இளகியே இருந்தது. எப்படியோ ஓடியது. ஓடுவதைப் பார்த்து மேனேஜர் தான் செய்தது சரி என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

எங்கள் கம்பெனியில் தமிழர்கள் அதிகம். தவுக்கே வருடத்துக்கு ஒருமுறை பூஜைக்கு அனுமதி கொடுப்பார், பழம் வாங்கக் காசும் கொடுப்பார். அன்று லோரிகள், துவைக்கும் மெஷின், ரோலர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. பாய்லருக்குத்தான் முதல் மரியாதை. அதை முழுதாக நிறுத்தி, குளிரவிட்டு, உள்ளே சுரண்டி, வெளியே கழுவி, பட்டை போட்டுப் பொட்டு வைப்பார்கள். பூஜை வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை வரை யாரும் எடுக்கக்கூடாது. ஆகையால் பாய்லரும் குளிர்ந்தே கிடக்கும்.

காலையில் மறுபடி பற்றவைப்பது எங்கள் ஆட்களிடம் ஒரு தனிச் சடங்கு. தீக்குச்சியால் பற்றவைக்க மாட்டார்கள். பாய்லர்மேன் அதன் முகத்துக்கு நேராக நின்று கற்பூர ஆரத்தி காட்டுவார். பிறகு எண்ணெயில் தோய்த்த துணி சுற்றிய கம்பியை அந்தக் கற்பூரத்திலேயே கொளுத்தி, அதைத்தான் பற்றவைக்கும் துளைக்குள் நீட்டுவார். மற்ற நாட்களில் எந்தப் பாய்லர்மேனும் வாய்க்கு நேராக நிற்கமாட்டான். பக்கவாட்டில் நின்று கையை மட்டும் நீட்டுவான். அதுதான் அவர்கள் கற்கும் முதல் பாடம். சாமிக்குப் பக்கவாட்டில் நின்று யார் ஆரத்தி காட்டுவார்கள்? அந்த ஒரு நாள் மட்டும் நேராக நிற்பார்கள். கருப்பு எண்ணெய் எரித்த காலத்தில் அதனால் ஒன்றும் ஆனதில்லை.

நிறுத்துகிற அன்று மாலை என் வீட்டுக்காரர் மேனேஜரிடம் போய்ச் சாவி கேட்டார். நான் வேலை முடிந்து அவருக்காக நின்றுகொண்டிருந்தேன், என் காதாலேயே கேட்டேன்.

"பாஸ், இது தினம் மாதிரி இல்ல. முழுசா ஆறிடும். இன்னிக்கு மட்டும் டீசல் விட்டுக் கழுவிடுறேன்."

"ஒரு நாள்ல ஒண்ணும் ஆவாது. சாமி பாத்துக்கும். பூஜையே ஒங்களுக்காகத்தானே விட்டுருக்கேன், அதுக்கு மேல என்ன?"

சாவி தரவில்லை.

பூஜைக்கு மறுநாள் காலை நாங்கள் ரோலர் பக்கம் நீராவிக்காகக் காத்திருந்தோம். ஹோட்டல் லோரிகள் வந்து நின்றுவிட்டன. மேனேஜர் இரண்டு தடவை பின்கட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தார். பிற்பாடு என் வீட்டுக்காரர் சொல்லித்தான் உள்ளே நடந்தது எனக்குத் தெரியும். முனையை வெளியிலிருந்து குத்திச் சுத்தம் செய்துவிட்டார். பிசின் இருந்தது உள்ளே. ஆரத்தி காட்டிப் பற்றவைத்தார். டீசல் பிடித்தது, இரண்டு இருமல் இருமி அணைந்தது. தெறிக்க வேண்டிய எண்ணெய் சொட்டாக ஒழுகி உள்ளே தேங்கியது. டீசல் ஆவியும் அங்கேயே நின்றது. காற்றாடியைப் போட்டு அதை வெளியே தள்ள நேரம் வேண்டும். மேனேஜர் முதுகுக்குப் பின்னால் நின்று, "இன்னும் எவ்வளவு நேரம் லா?" என்கிறார். கூட இருந்தவர்களோ, முதல் தீ அணைந்தது நல்லதில்லை, மறுபடி ஆரத்தி காட்டுங்கள் என்கிறார்கள். அவர் மறுபடி கற்பூரம் ஏற்றினார். மறுபடி நேராக நின்றார். கம்பியை நீட்டினார்.

லோரி டயர் வெடித்தது என்றுதான் நினைத்தேன். பிறகு அந்தக் கருவாட்டு வாடை வந்தது. ஓடினேன். சாக்கடை ஓரத்தில் அவரை உட்காரவைத்து யாரோ தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நெற்றிக் குங்குமமும் முகத்துத் தோலும் ஒன்றாக வழிந்தன. கத்தவில்லை. "பாய்லர் நல்லாருக்கா பாரு, பாய்லர் நல்லாருக்கா பாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாய்லர் நன்றாகத்தான் இருந்தது. அவர் வலது கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு மேனேஜர் ஒரு மைலோ டின்னோடு வந்தார். கட்டிலில் கிடந்தவரைப் பார்க்கக் கூசி என்னைப் பார்த்துப் பேசினார்.

"பாய்லர் இன்ஸ்பெக்டர் விசாரிக்க வருவாரு. பூஜைக்குக் கற்பூரம் கொளுத்துனதுல ஆச்சுன்னு சொல்லிருக்கேன். சாமி விஷயம்னா பெரிசா எடுக்க மாட்டாங்க லா. நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

"பூட்டு போட்டத யாரு சொல்லுவா?"

"என்ன பூட்டு?"

மைலோ டின்னைத் திருப்பிக் கையில் கொடுத்து அனுப்பினேன். தலையில் போட்டிருக்க வேண்டும்.

விசாரணையில் டிக்கெட் பறிபோகும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒற்றைக் கண்ணோடு பாய்லர் பார்க்கிறவர்கள் இருந்தார்கள், கண் போனதற்காக யாரும் பிடுங்கவில்லை. தப்பு அவருடையது என்று எழுதினால்தான் போகும். குழாயைக் கழுவ விடாமல் தடுத்தது மேனேஜர் என்று ஒருவர், இன்ஸ்பெக்டர் நம்புகிற மாதிரி ஒருவர் சொன்னால் போதும். எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் தரையைப் பார்த்தார்கள். ரோலரில் எதிர் முனை பிடித்தவள்கூட, "எனக்கு மூணு புள்ளைங்க அக்கா" என்றாள்.

பஸ் ஏறிப் பிரிக்பீல்ட்ஸ் போனேன். இன்ஜினியரின் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் அம்மா என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லித் தேத்தண்ணீர் கொடுத்தார். இன்ஜினியர் என் முன்னால் நின்றுகொண்டே கேட்டார். பூட்டு போட்டது அவருக்குத் தெரியும். ஒருநாள் வந்து பார்த்து, மேனேஜரிடம் இது சரியில்லை என்று சொல்லிவிட்டும் போயிருந்தார்.

"நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேணாம் தம்பி. பார்த்தத சொல்லுங்க, போதும்."

"நான் வந்து உள்ளதைச் சொல்லுறன் அக்கா. கவலைப்படாதேங்கோ."

நம்பினேன். போகும்போது அவர் அம்மா என் கையில் ஒரு பை வாழைப்பழம் கொடுத்தார்.

விசாரணை கம்பெனி ஆபீஸில் நடந்தது. என்னை உள்ளே விடவில்லை. கண்ணாடிப் பட்டை ஜன்னலுக்கு வெளியே நின்றேன். இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், சத்தம் போடாத மனிதர். என் வீட்டுக்காரரிடம் கேட்டார்: ஏன் நேராக நின்றாய்? இந்த மனிதர் மலாயில், செம்பாயாங், சாமி கும்பிட்டேன் என்று உண்மையைச் சொன்னார். ஏன் குழாயைக் கழுவவில்லை? பூட்டு போட்டிருந்தது என்றார். எல்லாரும் எழுந்து போய் டிரம்மைப் பார்த்தார்கள். சங்கிலி இல்லை, பூட்டு இல்லை. குழாய்க்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தது.

இன்ஜினியரின் முறை வந்தது. அவருடைய முதலாளியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எண்ணெயை விற்க இன்னும் எத்தனையோ கம்பெனிகளோடு பேசிக்கொண்டிருந்தவர். இன்ஸ்பெக்டர் கேட்டார்: நிறுத்தும்போது டீசல் விட்டுக் கழுவவேண்டும் என்று இந்த ஆளுக்குச் சொல்லிக் கொடுத்தீர்களா?

சொல்லிக் கொடுத்தேன்.

அவருக்குப் புரிந்ததா?

நன்றாகப் புரிந்தது.

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். உள்ளதைச் சொல்கிறேன் என்றார், உள்ளதைத்தான் சொன்னார். ஒரு வார்த்தை பொய் இல்லை. பூட்டைப் பற்றி அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் கேட்காததைச் சொல்லவில்லை. நான் ஜன்னல் வழியாகக் கத்தினேன், பூட்டு இருந்தது, இவருக்கே தெரியும் என்று. யார் இந்த அம்மா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மனைவி என்றார்கள். தலையாட்டிவிட்டு எழுதுவதைத் தொடர்ந்தார். இன்ஜினியர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

டிக்கெட்டை ரத்து செய்தார்கள். கண்ணாடிச் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றியது நான். அவரைக் கழற்ற விடவில்லை. சுவரில் அந்த இடம் மட்டும் ஊதுபத்திப் புகை படாமல் வெள்ளையாக இருந்தது. அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை, அதையும் கருணை என்று மேனேஜர் சொல்லிக்கொண்டார். அழுக்குத் துணி வண்டி தள்ளப் போட்டார்கள். பாய்லர் அறைக் கதவு வழியாகத் தினமும் தள்ளிக்கொண்டு போவார். உள்ளே போக அவருக்கு அனுமதி இல்லை.

அப்புறம் எண்ணெய் விலை இறங்கியது. தவுக்கே கருப்பு எண்ணெய்க்கே திரும்பினார். கட்டை எண்ணெய் மிச்சம் தொட்டியில் கிடந்து தார் மாதிரி இறுகிவிட்டது. தொட்டிக்குள் இறங்கி அதைக் கடப்பாரையால் உடைத்து எடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். யாரை இறக்கியிருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு டிக்கெட் வேண்டியதில்லை. நான் போகவேண்டாம் என்றேன். "எண்ணெய் மேல என்ன கோவம்? சொன்ன மாதிரி வச்சிருந்தா அது நல்லாத்தான் எரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். இருக்கிற ஒரு கண்ணும் வீங்கி வீட்டுக்கு வந்தார். அந்த வாடை தலையணையிலிருந்து போக வெகுகாலம் ஆனது.

எண்ணெய் மேல் எனக்கும் கோபம் இல்லை. நாளைக்கே மரத்தை வடித்து ஊரெல்லாம் எரிக்கட்டும். எரிக்கும் இடத்தில் டீசல் குழாயின் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று டிவியில் பேசுகிறவர் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.

என் வீட்டுக்காரர் இப்போது வேலைக்குப் போவதில்லை. ஆயுத பூஜைக்கு வீட்டில் இருக்கும் ஒரே ஆயுதம் அவருடைய சைக்கிள்தான். அதைக் கழுவிப் பொட்டு வைத்து, ஹேண்டில்பாரில் மாலை போட்டு, கற்பூரம் ஏற்றுவார். ஏற்றிவிட்டு, சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி ஆரத்தி காட்டுவார்.

போன வருடம் பொறுக்கமுடியாமல் சொன்னேன். "அது சைக்கிள்ங்க. நேரா நின்னு காட்டுங்க."

"தெரியும்" என்றார். நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.